நீலத்தாளும் பெயரற்றோரும்

ஓர் ஓவியத்தைக் கண்டதும், அதை வரைந்தவர் யார் என்று கேட்பது நம் வழக்கம். எதன்மீது வரைந்தார் என்று கேட்போர் சிலரே. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் நீலத்தாள் ஓவியங்களைப் பொறுத்தவரை, இந்த இரண்டாவது கேள்வி நம்மைக் கடல்கள் பலவற்றைக் கடந்து நம் சொந்தக் கரைக்கே அழைத்து வருகிறது.

1740களில் ழான் பத்தீஸ்த் உத்ரி என்னும் ஓவியர், பாரிசுக்கு அருகிலுள்ள ஆர்க்கெய் தோட்டங்களைக் கறுப்பு, வெள்ளைச் சுண்ணக்கட்டிகளால் நீலத்தாளில் வரைந்தார். கறுப்புக்கட்டி என்பது கரிச்சத்து மிகுந்த ஒரு மென்கல். அது நிழலைத் தந்தது. வெள்ளைக்கட்டி வெளிச்சத்தைத் தந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொனியைத் தாளின் நீலமே தந்தது. ஓவியரின் பணியில் ஒரு பங்கைத் தாளே செய்தது என்றால் மிகையன்று. பின்னாளில் புருதோன் என்பாரும் இம்முறையிலேயே மனித உருவங்களைத் தீட்டிப் புகழ்பெற்றார்.

ஆனால் அந்தத் தாளோ எளிய பிறப்புடையது. அக்காலத்தில் கந்தல் துணிகளைக் கூழாக்கித்தான் காகிதம் செய்தனர். வெண்கந்தல் எழுதுதாளுக்குச் சென்றது. நிறமேறிய முரட்டுக் கந்தல் நீலத்தாளாகிக் கடைகளில் சர்க்கரை முதலிய பொருள்களைச் சுற்றப் பயன்பட்டது. நிறம் போதாதபோது கூழில் சாயமும் சேர்த்தனர். பிரான்சு அந்நாளில் பயன்படுத்திய அவுரிநீலத்தின் பெரும்பகுதி, இன்று எயித்தி எனப்படும் செந்தொமிங் குடியேற்றத்தில், ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தது.

நம் சோழமண்டலக் கரையும் இவ்வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. அவுரி நம் மண்ணில் தொன்றுதொட்டு விளைந்த செடி. நம் சாயத்தொட்டிகளில் தோய்ந்த நீலத்துணி, 'கினி' என்னும் பெயரோடு புதுச்சேரியிலிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா சென்றது. அங்கே அது பிசினுக்கு மட்டுமன்றி மனிதருக்கும் விலையாகக் கொடுக்கப்பட்டது. நம் நெசவாளர் அறியாமலேயே அவர்தம் கைவண்ணம் அடிமை வாணிகத்தின் நாணயமாயிற்று.

இக்கரையின் சாயக்கலையை ஐரோப்பாவுக்கு விரிவாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் இயேசு சபைக் குரு கேர்து. 1732இல் இந்தியா வந்து, 1779இல் புதுச்சேரியில் மறைந்தவர். துணியில் ஓவியம் தீட்டும் தொழிலறிந்த கிறிஸ்தவர்களிடம் கேட்டறிந்து, 1742இல் மடல் ஒன்று எழுதினார். கடுக்காயும் எருமைப்பாலும் துணியைப் பதப்படுத்தும் விதம், தாளில் வரைந்த உருவை ஊசியால் துளையிட்டுக் கரித்தூள் தடவித் துணியில் படியச் செய்யும் விதம், நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடும் விதம் ஆகியவற்றையெல்லாம் அதில் விளக்கினார். அம்மடல் பாரிசில் அச்சேறியது. இந்திய அச்சுத்துணிகளுக்குப் பிரான்சு 1686இல் விதித்த தடை 1759இல் நீங்கியது. மறு ஆண்டே ஓபர்காம்ப் என்பார் ழூயி என்னுமிடத்தில் அச்சுத்துணி ஆலை தொடங்கினார்.

கேர்துவின் அறிவார்வத்தை நாம் போற்றலாம். ஆயினும், தலைமுறை தலைமுறையாகக் காத்த தொழில்நுட்பத்தைத் தம் குருவிடம் நம்பிக் கூறிய அந்த எளியோருக்கு என்ன கைம்மாறு கிடைத்தது என்று கேட்காமலும் இருக்க முடியாது. வரலாறு குருவின் பெயரைக் காத்தது. அவருக்குக் கற்பித்தவர்களின் பெயர்களைக் காக்கவில்லை. ஆயனிடம் ஆடுகள் வைக்கும் நம்பிக்கை எத்துணைப் பொறுப்புக்குரியது என்பதைக் குருக்களாகிய நாம் இதிலிருந்து உணர வேண்டும்.

இது தொலைதூரக் கதையன்று. இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய அனகாபுத்தூரின் தறிகளில், 20ஆம் நூற்றாண்டில் நெய்யப்பட்ட 'மெட்ராஸ் கைக்குட்டை'த் துணி நைஜீரியா வரை சென்றது. அங்கே அதை விழாக்காலத்தில் உடுத்தி மகிழ்ந்தோர், நெய்தவரின் முகத்தைக் கண்டதில்லை.

நீலத்தாள் வெளிச்சம் பட்டால் வெளுத்துப் பழுப்பேறும். ஆகவே அருங்காட்சியகங்கள் அத்தகைய ஓவியங்களை மங்கிய ஒளியில் சில காலமே காட்சிக்கு வைக்கின்றன. வரைந்தவரின் கோடுகள் நிலைக்க, அவற்றைத் தாங்கிய நீலமே முதலில் மறைகிறது. நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் நாம் போற்றும் அழகிய பொருள்கள் பல உள்ளன. பீடத்து விரிப்பை நெய்தவர் யார், அவருக்கு உரிய கூலி கிடைத்ததா என்று இனியேனும் கேட்போம். நாம் மறந்த பெயர்களை இறைவன் மறப்பதில்லை.