செட்டிநாட்டுச் செல்வமும் பர்மா நெல்வயலும்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுபவர்கள் பர்மாத் தேக்கைச் சொல்லாமல் விடுவதில்லை. பர்மா உழவனைச் சொல்வதுதான் அரிது.

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின், ஐராவதிக் கழிமுகத்துச் சதுப்புக்காடுகள் விரைந்து வயல்களாயின. காடு திருத்தவும், மாடு வாங்கவும், அறுவடைவரை உண்ணவும் உழவனுக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. நகரத்தார் கடைகள் கொடுத்தன. கொடுத்ததெல்லாம் முதலாளியின் சொந்தப் பணமுமன்று. உறவினர் வைப்பு, கோயில் மகமை, ஆச்சிமார் சீர்ப்பணம் என்று ஊரின் சேமிப்பே அங்கு வட்டிக்குப் போயிருந்தது. 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார்கள் கொடுத்திருந்த கடன் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது.

இவர்கள் நிலத்தை நாடிப் போனவர்களல்லர். புரளும் பணமே இவர்கள் தொழில். ஆனால் 1930-இன் உலக மந்தத்தில் நெல்விலை சரிந்ததும், அடமான வயல்கள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-இல் 25 பங்கு. இதில் சூழ்ச்சி ஏதுமில்லை என்று நம்மவர் வாதிடுவதுண்டு. இருக்கலாம். தான் திருத்திய வயலிலேயே குத்தகைக்காரனாகிவிட்ட உழவனுக்கு அந்த வாதத்தால் என்ன பயன்?

பிறகு 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948-இல் நில தேசியமயச் சட்டம், 1963-இல் வங்கிகளும் அரசுடைமை.

போர்களும் மந்தமும் ஐரோப்பியச் செல்வத்தைக் கரைத்த கதையைத் தாமஸ் பிக்கெட்டி தம் 2013-ஆம் ஆண்டு நூலில் விரிவாகச் சொல்கிறார். இங்கும் கரைந்தது, எல்லோருக்கும் ஒரே அளவில் அன்று. 1937-லேயே எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்திருந்தார். அழகப்பச் செட்டியாரால் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க முடிந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். பெரிய முதல் பல துறைகளில் பிரிந்து பிழைத்தது. முழுவதையும் ஒரே கடையில் போட்டிருந்த சிறு குடும்பங்களுக்கும், சம்பளத்துக்குக் கப்பலேறிய ஏஜெண்டுகளுக்கும் எஞ்சியது ஊரிலிருந்த வீட்டுப் பங்குதான்.

அந்தப் பங்கும் தலைமுறைதோறும் சிறுக்கிறது. வளவைச் சுற்றி மணமான மகனுக்கு ஓர் அறை என்று கட்டிய வீட்டுக்கு இன்று பங்காளிகள் பலர். பழுது பார்க்க எல்லோரையும் இசையவைப்பது எளிதன்று. அப்படிப் பிரித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன.