பிப்பெட்டும் எச்சிலும்

வேதியியல் பாடத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நான் அந்தப் பாடத்தை ப்ளஸ் டூவில் படித்தவன். பிறகு கொல்லிமலையில் மூன்று வருஷம் அதைச் சொல்லிக் கொடுத்தவன். இரண்டு இடத்திலும் பிள்ளைகளுக்குப் பாடம் புரிந்தது பெரும்பாலும் வாத்தியாரால் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பிள்ளையால்தான். கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு கல்விக் கருத்தரங்கில் 'மாணவருக்கு மாணவரே கற்பிப்பது' மேல்நாட்டிலிருந்து வந்த புது முறை என்று ஒருவர் பேசினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அந்த முறைக்கு மெட்ராஸ் என்றே பேர் இருந்த காலம் ஒன்று உண்டு. அதில் நமக்கு இடம் இல்லாமல் போன கதையும் உண்டு.

1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில் ராணுவத்தாரின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஒருநாள் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். வாத்தியார்கள் ஒத்துவரவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயசுப் பையனை மற்றப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். வேலை நடந்தது. 1797இல் லண்டனில் இதை அறிக்கையாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பேரில் அது இங்கிலாந்தில் பரவியது. அதற்கு அடுத்த வருஷமே ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் இதே மாதிரி ஒரு பள்ளியைத் தொடங்கினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரண்டு தரப்புக்கும் பெரிய சண்டை. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பேரில் ஒரு பள்ளி இன்றைக்கும் இருக்கிறது.

கண்டுபிடித்தது பெல்லும் இல்லை, லங்காஸ்டரும் இல்லை. நம்மூர்த் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். வாத்தியார் இல்லாத நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, முறை வைத்து ஒப்பிக்கச் செய்வான். பெல் எடுத்துப் போனது இதைத்தான். ஆனால் இதைப் பெருமையாகச் சொல்லி 'நம் பாரம்பரியம்' என்று மார் தட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்தத் திண்ணை யார் வீட்டுத் திண்ணை? சேரிப் பிள்ளை அதில் ஏறி உட்கார முடிந்ததா? சட்டாம்பிள்ளை கையில் பிரம்பு இருந்தது. சொல்லிக் கொடுப்பதும் அவன்தான், அடிப்பதும் அவன்தான். நாம் அந்தப் பிரம்புக்குக்கூட எட்டாத தூரத்தில் இருந்தோம்.

நமக்கென்று பள்ளிகள் வந்தது அதற்கு நூறு வருஷம் கழித்து. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் போன்றவர்களின் முயற்சி அதன் பின்னால் இருந்தது. 1920க்குப் பிறகு லேபர் கமிஷனர் பொறுப்பில் 'லேபர் ஸ்கூல்'கள் வந்தன. அந்த வழியில்தான் பின்னால் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும் வந்தன. எழுத்தறிவு மட்டும் என்றால் இவை போதும். ஆனால் விஞ்ஞானத்துக்குப் பரிசோதனைக் கூடம் வேண்டும், அமிலம் வேண்டும், கண்ணாடிச் சாமான் வேண்டும். 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. அதுவரைக்கும் கல்லூரியில் பியூசி என்று இருந்த படிப்பு பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வந்தது. சேரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வேதியியல் கூடம் வந்தது அப்போதுதான். நான் அதில் ஏழெட்டு வருஷம் கழித்து உள்ளே போனேன்.

சேந்தமங்கலம் பக்கத்து ஊர்க்காரன் நான். பள்ளியின் பேர் வேண்டாம். செய்முறை வகுப்பில் நாலு பேருக்கு ஒரு பிப்பெட். ஒரு முனையைக் கரைசலில் வைத்து, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். இருபது மில்லி கோட்டுக்கு மேலே வந்ததும் ஆள்காட்டி விரலால் மூடி, கோட்டுக்குச் சரியாக இறக்க வேண்டும். இன்றைக்கு அது ஆபத்து என்று ரப்பர் பல்பு கொடுக்கிறார்கள். அன்றைக்கு வாய்தான். என் குழுவில் மற்ற மூன்று பேரும் ஊர்ப் பையன்கள். 'நீ கடைசியா பண்ணுடா' என்பார்கள். என்றைக்காவது நான் முதலில் எடுத்துவிட்டால், அடுத்தவன் நேரே குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வருவான். வாத்தியார் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

கடைசியாகச் செய்கிறவனுக்கு நேரம் இருக்காது. மணி அடித்துவிடும். அதனால் ராத்திரி விடுதியில் நாங்கள் ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து கைப்பழக்கம் செய்தோம். பிப்பெட்டுக்கு எங்கே போவது? பப்பாளி இலையின் காம்பு உள்ளே ஓட்டையாக இருக்கும். அதை நறுக்கி, குண்டானில் தண்ணீர் வைத்து, உறிஞ்சி, விரலால் மூடி, சொட்டுச் சொட்டாக விடப் பழகினோம். ஒரே காம்பு எல்லார் வாய்க்கும் போய் வந்தது. ஒரு சீனியர் அண்ணன் உப்புப் பகுப்பாய்வைப் பாட்டு மாதிரி ஒப்பிக்க வைப்பார். எது பழுப்பு வளையம், எது வெள்ளை வீழ்படிவு, அம்மோனியா ஊற்றினால் கருநீலமாக மாறுவது தாமிரம் என்று. தப்பாகச் சொன்னவன் ஏன் தப்பு என்று அவனே மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். அதுதான் தண்டனை, பிரம்பு கிடையாது.

அந்த வட்டத்தில்தான் ஒரு உண்மை புரிந்தது. பெர்மாங்கனேட் தரம் பார்த்தலில் என் குழுவில் கழுவிக்கொண்டு வருகிற பையனின் ரீடிங் எப்போதும் என்னுடையதைவிடக் குறைவாகவே வரும். நான் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். அண்ணன் கேட்டார்: "அவன் தண்ணியில கழுவிட்டுக் கரைசலால கழுவுறானா?" இல்லை. தண்ணீரில் கழுவினால் உள்ளே ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஈரத்தோடு இரும்புக் கரைசலை உறிஞ்சினால் அது நீர்த்துப் போகும். பெர்மாங்கனேட் குறைவாகச் செலவாகும். அதனால்தான் பிப்பெட்டை எடுக்கப் போகிற கரைசலாலேயே கடைசியாக அலச வேண்டும் என்பது விதி. அவன் என் எச்சிலைக் கழுவுகிறேன் என்று தன் கணக்கைக் கெடுத்துக்கொண்டிருந்தான். அன்று ராத்திரி விடுதியில் நாங்கள் சிரித்த சிரிப்பு பக்கத்துத் தெருவரை கேட்டிருக்கும்.

பி.எஸ்ஸி முடித்து வேலை இல்லாமல் இருந்தபோது, தொண்ணூறுகளின் நடுவில், கொல்லிமலையில் ஒரு அரசுப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தேன். பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுக்கிற சொற்பச் சம்பளம். வேதியியல் ஆசிரியர் பணியிடம் காலி. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டும். அப்படி ஏறி வருகிறவர்கள் மாறுதல் வாங்கி இறங்குவதிலேயே குறியாக இருப்பார்கள்.

மலைமக்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளம் இல்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்று சொல்லிக்கொள்வார்கள், கவுண்டர் என்றே அழைத்துக்கொள்வார்கள். அரசாங்கக் காகிதத்தில் பழங்குடி. அதுவும் மாவட்டத்தைப் பொறுத்தது. சேலம், தருமபுரிப் பக்கம் இருக்கிற மலையாளிக்குப் பட்டியலில் இடம் உண்டு, ஈரோடு பர்கூர் மலையில் இருப்பவருக்கு அது கிடைக்கவில்லை. 1990இல்தான் தமிழ்நாட்டில் பழங்குடியினருக்குத் தனியாக ஒரு சதவீதம் ஒதுக்கினார்கள். அந்த ஒரு சதவீதத்தில் போய் உட்காரவும் ப்ளஸ் டூவில் வேதியியல் தேற வேண்டும்.

கீழ்நாட்டிலிருந்து வந்த நான் என்ன சாதி என்று மலையில் விசாரித்துவிட்டார்கள். நமக்குள் இருக்கிற இந்தக் கோணலை மறைத்து எழுதுவதில் பயன் இல்லை. நாமும் நம் பங்குக்கு அவர்களைக் 'காட்டான்' என்று கேலி பேசியவர்கள்தான். மாலையில் பள்ளி முடிந்ததும் பன்னிரண்டு பேரை வட்டமாக உட்கார வைத்தேன். பள்ளியில் உடையாமல் இருந்தது ஒரே பிப்பெட். நான் செய்து காட்டிவிட்டுக் கொடுத்தேன். வாங்கின பையன் கொஞ்சம் தயங்கி, மூலையில் இருந்த குடத்துப் பக்கம் போனான். எனக்குப் பழைய குழாயடி ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால் ஒரு மாணவி சொன்னாள்: "தண்ணியில கழுவுனா ரீடிங் கொறையும்டா. கரைசலால அலசிட்டு எடு, அது போதும்." முந்தின வாரம் நான் சொன்ன விதி. அவள் அதைச் சாதியை நினைத்துச் சொன்னாளா, கணக்கை நினைத்துச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. அவன் அலசிவிட்டு வாயில் வைத்தான். அதற்கப்புறம் அந்த மூன்று வருஷமும் அந்த வட்டத்தில் யாரும் குடத்துப் பக்கம் போகவில்லை.

அந்த மாணவிதான் பிறகு வட்டத்தை நடத்தினாள். வாயுக்களின் மோலார் பருமன் 22.4 லிட்டர் என்பதை நான் மூன்று நாள் சொல்லியும் ஏறவில்லை. அவள் வள்ளத்தை எடுத்தாள். "ஒரு வள்ளம் சாமையும் ஒரு வள்ளம் பலாக்கொட்டையும் எடை ஒண்ணா? இல்ல. எண்ணிக்கை ஒண்ணா? அதுவும் இல்ல. ஆனா வாயுவுல மட்டும் எடைதான் மாறும், ஒரு வள்ளத்துல இருக்கற எண்ணிக்கை மாறாது. அதான் அவகாட்ரோ." வெப்பமும் அழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் சேர்த்துச் சொன்னேன். எலெக்ட்ரான் கொடுப்பதும் வாங்குவதும் புளியங்கொட்டையில் நடந்தது. மருந்துக்கடை டிங்க்சர் அயோடினை மரவள்ளித் துண்டில் விட்டு, கருநீலம் வந்ததும் ஸ்டார்ச்சைப் பேசினோம். தினையும் சாமையும் விளைந்த மலையில் மரவள்ளி பரவி, கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போவதையும் பேசினோம். பாடத்தில் பாக்சைட் வந்தபோது நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. லாரியைத் தினம் பார்த்த பிள்ளைகளுக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு எதற்கு, கிரயோலைட் எதற்கு என்பதுதான் புதுசு. லாரியில் ஏறிப் போனது என்ன விலை என்ற கேள்வியும் அன்றைக்குத்தான் எழுந்தது. அது பாடத்திட்டத்தில் இல்லை.

அதே காலத்தில் மலைக்குக் கீழே நாமக்கலில் வேறொன்று வளர்ந்தது. கோழிப்பண்ணைக்குப் பேர் போன ஊரில் விடுதியோடு சேர்ந்த தனியார் பள்ளிகள். ஜனங்களே வைத்த பேர் 'பிராய்லர் பள்ளி'. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைப்பார்கள். பணம் உள்ளவன் பிள்ளை 200க்கு 200 வாங்கும். 1984 முதல் நடந்த நுழைவுத் தேர்வு 2006இல் போட்ட சட்டத்தால் போனது, ப்ளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. கிராமத்துப் பிள்ளைக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. பிறகு நீட் வந்தது. அரியலூர் குழுமூர் அனிதா 1200க்கு 1176 வாங்கியவர், வேதியியலில் 199. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவர் உயிரை விட்டார். 199 வாங்கிய பெண்ணைப் பார்த்துத் 'தகுதி இல்லை' என்று சொல்ல ஒரு தேர்வு தேவைப்பட்டது. 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது, அதற்குப் பின்னால் அந்தச் சாவு இருக்கிறது.

மேல்நாட்டுக் கதைக்கு வருகிறேன். எழுபதுகளில் பெர்க்லியில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், கருப்பின மாணவர்கள் கால்குலஸில் ஏன் தோற்கிறார்கள் என்று பார்த்தார். சோம்பல் இல்லை, வீட்டில் ஆதரவு இல்லாமலும் இல்லை. அவர்கள் ராத்திரி முழுக்கத் தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை ஒருவர் சோதித்துக்கொண்டார்கள். ட்ரைஸ்மன் கருப்பின மாணவர்களைக் கூட்டி உட்கார வைத்தார். கொடுத்தது எளிய கணக்கு இல்லை, வகுப்பில் உள்ளதைவிடக் கடினமானது. தேறினார்கள். தொண்ணூறுகளில் நியூயார்க் சிட்டி காலேஜில் வேதியியலுக்கே இதை ஒரு முறையாக்கினார்கள். முந்தின வருஷம் நன்றாகத் தேறிய மாணவர் ஆறேழு பேருக்குத் தலைமை தாங்குவார். அதே வருஷங்களில்தான் கொல்லிமலையில் அந்தப் பெண் வள்ளத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடையதை யாரும் ஆய்வுக் கட்டுரை ஆக்கவில்லை.

இதை இரண்டு எச்சரிக்கையோடு சொல்கிறேன். ஒன்று, 'பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொள்வார்கள்' என்று ஆசிரியர் பணியிடத்தைக் காலியாகப் போட அரசுக்கு இது சாக்காகிவிடக் கூடாது. பெல்லின் முறை இங்கிலாந்தில் செல்லுபடியானதற்குக் காரணமே அது மலிவு என்பதுதான். என் வட்டத்தில் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் முதல் முயற்சியில் வேதியியலில் தேறவில்லை. ஒழுங்கான ஆசிரியரும் கூடமும் இருந்திருந்தால் தேறியிருப்பார்கள். இரண்டு, வட்டமாக உட்கார்ந்துவிட்டால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. சோதனைக் குழாய்களை யார் கழுவுவது என்று பாருங்கள். எங்கள் வட்டத்தில் முதல் மாதம் பெண்பிள்ளைகள்தான் கழுவினார்கள். பிறகு முறை வைத்தோம்.

அம்பேத்கர் கற்பதையும் ஒன்றுசேர்வதையும் தனித்தனியாகச் சொன்னவர் இல்லை. இன்றைக்கு ஆதிதிராவிடர் விடுதிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளிடம் கையில் போன் இருக்கிறது, வீடியோ பாடம் இருக்கிறது. தனியாகப் பார்க்கிறார்கள். இந்தப் பத்திரிகை படிக்கிற மாணவர்கள், வேலைக்குப் போய்விட்ட தோழர்கள், வாரத்தில் ஒரு ராத்திரி பக்கத்து விடுதிக்குப் போங்கள். உரையாற்ற வேண்டாம், வட்டத்தில் உட்காருங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். திரும்பும்போது அந்தப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் மாவட்டக் கல்வி அதிகாரிக்கு ஒரு மனு எழுதி, அத்தனை பிள்ளைகளின் கையெழுத்தையும் வாங்கி அனுப்புங்கள்.