சிவகாசி – விருதுநகர் நகர விரிவாக்கம்: வரைபட வரலாறு

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, திருத்தங்கல், விருதுநகர் ஆகிய ஊர்கள் தம் பழைய எல்லைகளைத் தாண்டிப் பரவியதை நில அளவைப் படங்கள், மக்கள்தொகைக் கணக்குகள், செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றின் வழியே அறிகிறோம். இவற்றுள் எதுவும் வீடுகளின் பெருக்கத்தை அளப்பதற்கென்றே பிறந்ததன்று. அதனால் ஒரே ஊர் ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவில் தெரிகிறது.

தொடக்கம்

சிவகாசியின் தோற்றத்தை 15ஆம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னர் அரிகேசரி பராக்கிரம பாண்டியரோடும் காசியிலிருந்து வந்த லிங்கத்தோடும் இணைப்பது தலபுராண மரபு. 19ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வணிகர்களின் மாட்டு வண்டிகள் தங்கும் பேட்டைகள் இருந்தன. விருதுபட்டி 1923இல் விருதுநகர் ஆனது.

நில அளவைப் படங்கள்

இவ்வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும் பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்தது. 1985 மார்ச் 15இல் காமராசர் மாவட்டம் உருவாகி, 1997இல் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. எனவே பழைய ஆவணங்களைப் பல மாவட்டப் பெயர்களின் கீழ்த் தேட வேண்டும்.

பழைய புலப்படங்கள் வரிக்காக வரையப்பட்டவை. புன்செய்க் காட்டின் உட்பிரிவு ஒவ்வொன்றுக்கும் அளந்த கோடு உண்டு. வீடுகள் நின்ற இடமோ பெரும்பாலும் ‘நத்தம்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். பல ஊர்களில் நத்தத்தை வீடுவாரியாக அளந்தது பிற்காலத்தில்தான். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம், சாமிநத்தம் ஆகிய ஊர்கள் அச்சொல்லைத் தம் பெயரிலேயே தாங்கி நிற்கின்றன. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படங்களில் சிவகாசி 58ஜி/15 தாளிலும் விருதுநகர் 58ஜி/14 தாளிலும் விழுகின்றன. இரு ஊர்களையும் சேர்த்துப் பார்க்க விரும்புபவர் இரு தாள்களையும் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

தொழிலும் இடைவெளியும்

கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்ற பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1923இல் சிவகாசி திரும்பினர். விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927இல் திறக்கப்பட்டது. 1940களில் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் எழுந்தன. தீப்பெட்டியும் அச்சகமும் தெருவுக்குள் இருக்கலாம். பட்டாசு ஆலை அப்படி இருக்க முடியாது. வெடிமருந்து விதிகள் அறைக்கும் அறைக்கும், ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே வெற்றிடம் கேட்கின்றன. அதனால் ஆலைகள் வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துக் காடுகளில் சிதறின. வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் நிலம் எல்லாம் வீடு கட்டத்தக்க நிலமும் அல்ல.

மனைப்பிரிவுக் காலம்

2001 கணக்கெடுப்பில் சிவகாசி நகராட்சியின் மக்கள்தொகை 72,170, 2011இல் 71,040. விருதுநகர் நகராட்சியிலும் 73,003 என்பது 72,296 ஆனது. எண்கள் இறங்கிய இதே ஆண்டுகளில்தான் மனை விற்பனை ஊருக்கு வெளியே பெருகியது. சிவகாசியில், குடும்பங்கள் எல்லைக்கு அப்பால் ஆனையூர், பள்ளபட்டி, நாரணாபுரம், சித்துராஜபுரம் பக்கம் வீடு கட்டிப் போனதே காரணம் என்பர். நகருக்குள் வீடுகள் கடைகளாகவும் கிடங்குகளாகவும் மாறியதைச் சுட்டுவோரும் உண்டு. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். எப்படியாயினும், சுமார் 7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிவகாசி நகராட்சிக் கோடு ஊரைக் காட்டும் தகுதியை இழந்திருந்தது. திருத்தங்கலையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த சிவகாசி நகரத் தொகுதிக்கு 2011இல் ஏறத்தாழ 2.34 லட்சம் பேர் கணக்காயினர்.

இந்தப் பரவலைக் காண உதவுவன செயற்கைக்கோள் படங்கள். லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஏறத்தாழ 22 சென்ட். மூன்று சென்ட் மனைகள் ஏழு அதற்குள் அடங்கிவிடும். 2015 முதல் கிடைக்கும் சென்டினல்-2 படத்தின் 10 மீட்டர்ப் புள்ளி சுமார் இரண்டரை சென்ட். ஒரு சிறு வீட்டுக்குப் போதும். ஆனாலும் கோடையில் காய்ந்த தரிசும் கான்கிரீட் கூரையும் படத்தில் ஒன்றுபோல் மின்னக்கூடும். தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு அறைகள் சில கணிப்புகளில் குடியிருப்பாகிவிடும், சிலவற்றில் காணாமலே போகும்.

இதற்கு நேர்மாறான சிக்கல் விற்றும் வீடு எழாத மனை. கல் நட்டு, மண் சாலை போட்டு, பத்திரமும் பதிந்தபின் அங்கே முதலில் குடியேறுவது சீமைக்கருவேலம். பதிவேட்டில் அது நகர். படத்தில் அது காடு. மனை விளம்பரத் தாள்களும் ஒருவகை வரைபடங்களே. அவற்றில் தூரம் கிலோமீட்டரில் இராது, பேருந்து நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம் என்றே இருக்கும்.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9இல் தடை விதித்தது. 2017 மே மாதம் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20க்கு முற்பட்ட மனைப்பிரிவுகளுக்கு வழிவிட்டன. விண்ணப்பத்தோடு மனைப்பிரிவின் படமும் தேவைப்பட்டதால், தரகர் கையில் மட்டும் இருந்த கோடுகள் பல அலுவலகக் கோப்புக்குள் வந்தன. வரி வசூலுக்கு அளந்த பழைய புலப்படத்தைப் போல, இதுவும் வேறொரு நோக்கத்தின் உடன்விளைவே.

அண்மைக் காலம்

2021இல் சிவகாசியும் திருத்தங்கலும் இணைந்து மாநகராட்சி ஆயின. 2022 பிப்ரவரியில் 48 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனது. ஆகவே மாநகராட்சியின் மக்கள்தொகை என 2011 எண்களைக் கொண்டு சொல்லத்தக்கது 1,26,402. அது இன்று இல்லாத இரண்டு நகராட்சிகளின் கூட்டுத்தொகை.