கள்ளிமுளையான்

கள்ளிமுளையான் தென்னிந்திய வறள்நிலங்களில் வளரும் சதைப்பற்றுச் செடி, உண்ணத்தக்கது. தாவரவியல் பெயர் கரலுமா அட்சென்டென்ஸ். முன்பு எருக்குக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. இப்போது அரளிக் குடும்பத்தில் அடங்கும். தளி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைக்குன்றுகளைப் போன்ற கல்லாங்காடுகளே இதற்கேற்ற நிலம்.

இயல்பு

நாற்பட்டைத் தண்டு பச்சையாகவும் நீர்ச்சத்து மிகுந்தும் இருக்கும். கள்ளிக்குள்ள முள்ளும் பாலும் இதற்கு இல்லை. இலைகள் மிகச் சிறியவை, விரைவில் உதிர்பவை. ஒளிச்சேர்க்கை தண்டிலேயே நடக்கிறது. தண்டின் நுண்துளைகள் இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்பதால் பகல் வெயிலில் நீரிழப்பு குறைகிறது. பூக்களில் ஈக்கள் மகரந்தம் சேர்க்கின்றன. பட்டிழை ஒட்டிய விதைகள் காற்றில் பரவுகின்றன.

ஆய்வு வரலாறு

சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் வில்லியம் ராக்ஸ்பரோ 1795-இல் இச்செடியை ஸ்டபிலியா என்ற பேரினத்தில் சேர்த்து விவரித்தார். ராபர்ட் பிரவுன் 1810-இல் கரலுமா பேரினத்தை நிறுவினார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் எஃப். எச். கிரேவ்லியும் பி. வி. மயூரநாதனும் 1931-இல் இந்தியக் கரலுமா இனங்களைத் தொகுத்து ஆராய்ந்தனர். பூவிதழ் ஓரத்தில் மயிர் தொங்கும் ஃபிம்பிரியேட்டாவைக் கள்ளிமுளையானின் ஒரு வகையாக வைத்தவர்கள் இவர்களே. மரபணுச் சான்றுகளின்படி கரலுமா பேரினத்தைச் செரோபீஜியா பேரினத்துக்குள் சேர்க்கும் வகைப்பாடு 2017-இல் வெளிவந்தது.

உணவும் மருந்தும்

ஆடு மேய்ப்பவர்கள் பசியும் தாகமும் அடங்க இளந்தண்டைப் பச்சையாக மென்று தின்பார்கள். வீடுகளில் புளி, மிளகாய் சேர்த்துத் துவையல் அரைப்பதுண்டு, ஊறுகாயும் போடுவார்கள்.

தண்டிலுள்ள முதன்மை மருந்துப்பொருள்கள் பிரெக்னேன் கிளைக்கோசைடுகள். இவை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் பசியுணர்வை மட்டுப்படுத்துவதாகக் கருதப்படுகிறது. இயங்கும் விதம் இன்னும் உறுதியாகவில்லை. ஃபிளேவோன் கிளைக்கோசைடுகள், சப்போனின்கள் ஆகியவையும் உள்ளன.

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் வெளியானது. உடல் எடை மிகுந்த 50 பேரில் ஒரு பிரிவினருக்குத் தினம் 1 கிராம் சாறும், மற்றவர்களுக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் 60 நாள் கொடுக்கப்பட்டன. சாறு உண்டவர்களிடம் இடுப்புச் சுற்றளவும் பசியும் குறைந்தன; எடைக் குறைவில் இரு பிரிவுகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இல்லை. ஆகவே, எடை குறைக்கும் அற்புத மருந்து என்று இதை விற்பதற்குப் போதிய சான்று கிடையாது. நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதன் மாத்திரைகளை எடுக்கக் கூடாது.

உரிமையும் பாதுகாப்பும்

தென்னாப்பிரிக்காவின் ஹூடியா இதன் உறவுச்செடி. அங்குள்ள சான் பழங்குடி மக்கள் வேட்டையின்போது பசியடக்க உண்ட அச்செடியின் வேதிப்பொருள்களுக்கு அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனம் 1990-களில் காப்புரிமை கோரியது. சான் மக்களுக்கு வருவாயில் பங்கு தரும் உடன்படிக்கை 2003-இல்தான் கையெழுத்தானது. இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் இத்தகைய பலன் பகிர்வுக்கு வழிசெய்கிறது. அதைச் செயல்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையிலேயே உள்ளது.

காட்டில் வேரோடு பிடுங்கினால் கள்ளிமுளையான் மீள்வதில்லை. நுனித்தண்டை மட்டும் ஒடித்தால் அடி மீண்டும் துளிர்க்கும். ஒடித்த துண்டை நட்டாலும் வேர்பிடிக்கும். மாத்திரைக்கு வேண்டிய தண்டைத் தோட்டத்தில் வளர்த்து எடுப்பதும், இதன் பயனை முதலில் கண்ட மேய்ச்சல் மக்களுக்கு வருவாயில் பங்கு தருவதும் நியாயமான வழி.