கல்லில் எழுத்தும் கணினியில் எழுத்தும் – ஒரு சிறு வரலாறு

செண்பகத்தோப்புக்குப் போயிருக்கிறீர்களா? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே போனால் மலையடிவாரத்தில் இருக்கிறது. காட்டழகர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும், சாம்பல் நிற அணிலைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் நன்றாகத் தெரிந்த இடம். அந்த அணில்களுக்காகவே 1988-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்துவிட்டது. அங்கே போகும் வழியில் நான் எடுத்த ஒரு பாறையின் புகைப்படமும், அதனால் எனக்கு வந்த வெட்கமும்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

விஷயம் இதுதான். போட்டோஷாப்பில் ‘டிஸ்பிளேஸ்மென்ட் மேப்’ என்று ஒரு வித்தை உண்டு. தமிழில் இடப்பெயர்ச்சி வரைபடம் எனலாம். ஒரு படத்தைச் சும்மா பாறை மேல் வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கும். இந்த வித்தையைப் போட்டால் பாறையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப படமும் நெளிந்து, அங்கேயே பிறந்தது போல உட்கார்ந்துகொள்ளும். அதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில், பழைய வட்டெழுத்து போலத் தோன்றும் இரண்டு வரியை அந்தப் பாறையில் ‘பொறித்து’, வேடிக்கைக்காகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மாமா அதை நம்பி நாலு பேருக்கு அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் காலை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் கையில் குடையும் பையுமாக எங்கள் வீட்டு வாசலில் நின்றார். “தம்பி, அந்தக் கல்லு எங்க இருக்குன்னு காட்டுறியா?” என்றார்.

அவர் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

கணினியில் வரைந்த உருவங்கள் ஆரம்பத்தில் பிளாஸ்டிக் பொம்மை போல வழவழவென்று இருந்தன. மரம் என்றாலும் கல் என்றாலும் ஒரே வழவழப்பு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எட் கேட்மல், 1974-ல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரு தட்டையான படத்தை எடுத்து, வளைந்த உருவத்தின் மேல் துணி போர்த்துவது போலப் போர்த்துவது. இதற்கு ‘டெக்ஸ்சர் மேப்பிங்’ என்று பெயர். பின்னாளில் பிக்சார் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான இதே கேட்மலுக்கு 2019-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. ஆரஞ்சுத் தோலின் படத்தை உருண்டை மேல் போர்த்தினால், தோலின் நிறம் வந்தது, சொரசொரப்பு வரவில்லை. அதே யூட்டாவில் படித்த ஜேம்ஸ் பிளின் 1978-ல் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். மேற்பரப்பை அசைக்கவே வேண்டாம். ஒளி எந்தப் பக்கம் தெறிக்கிறது என்கிற கணக்கை மட்டும் புள்ளிக்குப் புள்ளி மாற்றினால் போதும், கண் ஏமாந்துவிடும் என்றார். இது ‘பம்ப் மேப்பிங்’. ஆனாலும் உருவத்தின் விளிம்பைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நடுவில் சொரசொரப்பாகத் தெரிகிற பழம், ஓரத்தில் வழவழவென்றே இருக்கும்.

1984-ல் லூகாஸ்பிலிம் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்த ராபர்ட் குக் அடுத்த படியை எடுத்து வைத்தார். ஏமாற்ற வேண்டாம், மேற்பரப்பின் புள்ளிகளையே உண்மையில் நகர்த்திவிடுவோம் என்றார். எந்தப் புள்ளி எவ்வளவு நகர வேண்டும் என்பதை ஒரு படம் சொல்லும். டிஸ்பிளேஸ்மென்ட் மேப் என்ற பெயரும் கருத்தும் இங்கிருந்துதான் வருகின்றன. ஆக, பத்தே ஆண்டுகளில் நிறம், ஒளி, வடிவம் என்று மூன்று படிகள்.

இது போட்டோஷாப்புக்குள் வந்த கதைக்கு வருவோம். மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரான தாமஸ் நோல் 1987-ல் எழுதத் தொடங்கிய நிரல் அது. அவருடைய தம்பி ஜான் நோல் வேலை பார்த்ததோ லூகாஸ்பிலிமின் கிளை நிறுவனமான இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில். சினிமாவுக்கு மாய உருவங்கள் செய்கிற இடம்! 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் முதல் பதிப்பை வெளியிட்டது. நம்மூர் ஸ்டூடியோக்களில் போட்டோஷாப் திறக்கிறபோதெல்லாம் வந்து போகும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்த்து, ‘நம்ம ஊர்க்காரர் போல’ என்று பெருமைப்பட்டவர்கள் பலர். நானும் ஒருவன்.

போட்டோஷாப்பில் ‘டிஸ்பிளேஸ்’ என்ற பெயரில் இருக்கும் கருவி, குக் சொன்னதன் எளிய தம்பி. இங்கே முப்பரிமாணம் கிடையாது. பாறைப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, லேசாக மங்கலாக்கி, பிஎஸ்டி கோப்பாகச் சேமிக்க வேண்டும். அதுதான் வரைபடம். கறுப்பிலிருந்து வெள்ளை வரை 0 முதல் 255 என்று எண். நடு சாம்பலான 128 உள்ள இடத்தில் எழுத்து அசையாது. அதைவிடக் கறுத்த இடத்தில் ஒரு பக்கமும், வெளுத்த இடத்தில் எதிர்ப் பக்கமும் நகரும். அளவு 100 சதவீதம் என்று கொடுத்தால் அதிகபட்சம் 128 புள்ளிகள் நகரும். 10 என்றால் ஏறக்குறைய 13. பிறகு ‘மல்டிப்ளை’ முறையில் கலந்துவிட்டால் பாறையின் நிழலும் எழுத்தின் மேல் விழும். அவ்வளவுதான் ரகசியம். ராஜபாளையத்தில் நெய்கிற துணியில் பூ வரைய வேண்டுமா, சட்டையில் படம் போட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதைக் கவனித்தீர்களா? கருவிக்கு மேடு பள்ளம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பும் வெளுப்பும்தான். கறுப்பு என்றால் பள்ளம், வெளுப்பு என்றால் மேடு என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

இப்போது கதையைத் திருப்பிப் போடுவோம். எழுத்தைக் கல்லின் மேல் ஏற்றுவது ஒரு வித்தை என்றால், கல்லிலிருந்து எழுத்தைப் பிரித்து எடுப்பது இன்னொரு வித்தை. அது நம் ஊரில் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. 1886-ல் ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஸ் சென்னையில் அரசின் கல்வெட்டறிஞராக நியமிக்கப்பட்டார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890-ல் வெளிவந்தது. அவருக்குப் பிறகு வெங்கய்யா, கிருஷ்ண சாஸ்திரி ஆகியோர் அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள்.

அவர்கள் கையாண்ட முறைக்கு மைப்படி என்று பெயர். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன் மேல் ஒட்டி, தூரிகையால் அடிப்பார்கள். ஈரத்தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். பிறகு மை தோய்த்த பந்தால் மேலே ஒற்றுவார்கள். மேட்டில் மை படும், பள்ளத்தில் படாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கிடைக்கும், கல்லில் உள்ள அதே அளவில். யோசித்துப் பாருங்கள். மேடு பள்ளத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுகிற இந்தத் தாளும் ஒரு டிஸ்பிளேஸ்மென்ட் மேப்தானே! ஒரே வித்தியாசம், இதில் கறுப்பும் வெளுப்பும் உண்மையான மேடு பள்ளத்தைத் தொட்டுப் பார்த்து வந்தவை.

அப்படி எடுத்த படிகள் எவ்வளவு முக்கியம் என்றால், சில கல்வெட்டுகளுக்கு இன்று அவை மட்டும்தான் மிச்சம். திருப்பணி என்ற பெயரில் இடித்துக் கட்டியதிலும், மணல் வீச்சு முறையில் சுவர்களைச் சுத்தம் செய்ததிலும் எழுத்துகள் தேய்ந்தும் அழிந்தும் போயிருக்கின்றன. கல் போய்விட்டது, தாள் இருக்கிறது.

2001-ல் ஹியூலெட் பேக்கார்ட் ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டரும் அவர் குழுவினரும் இந்த இரண்டு வித்தைகளையும் ஒரு விதத்தில் இணைத்துவிட்டார்கள். கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் சுற்றிச் சுற்றி வைத்துப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒளி எப்படி மாறுகிறது என்று கணக்கிட்டார்கள். பிறகு கணினியிலேயே விளக்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகர்த்தி, தேய்ந்த எழுத்தைப் படிக்கலாம். கிரேக்க நாட்டின் புகழ்பெற்ற ஆண்டிகிதெரா இயந்திரத்தின் மங்கிய எழுத்துகளை 2005-ல் இந்த முறையில் ஆராய்ந்தார்கள். பொய்யான சொரசொரப்பை உண்டாக்கப் பிறந்த துறை, உண்மையான சொரசொரப்பைப் படிக்கவும் உதவியது.

சரி, ஆசிரியர் கதைக்கு வருவோம். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “படத்தைப் பெருசாப் பார்ப்பமா ஐயா” என்று கணினியில் திறந்து காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பாறையின் நடுவே மழைத்தண்ணீர் வழிந்த கறுப்புக் கறை ஒன்று இருந்தது. அதில் விரலை வைத்தார்.

“இந்த எடத்துல மட்டும் எழுத்து ஏன் நெளியுது? கல்லு சமமாத்தான இருக்கு. கறை தான ஏறியிருக்கு. உளி கறையைப் பார்த்து வளையுமா தம்பி?”

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்ன வயதில் ஒரு கோயிலில் மைப்படி எடுத்தவர்களுக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்ததைச் சொன்னார். தாளை உரித்ததும் எழுத்து பளிச்சென்று தெரிந்ததைச் சொல்லும்போது அவர் முகம் மாறியது. பையைத் திறந்தார். உள்ளே ஒரு தூரிகையும், சுருட்டிய வெள்ளைத் தாளும் இருந்தன. “எழுத்து கல்லுல இருந்தா படி எடுக்கலாம்னு கொண்டாந்தேன்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் பையை மூடினார்.

அன்றே குழுவில் உண்மையை எழுதினேன். மாமாவையும் எழுத வைத்தேன். ஆனாலும் அந்தப் படம் இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம் கூட வேறு ஒரு குழுவிலிருந்து எனக்கே வந்தது.

நண்பர்களே, இனி ‘அரிய கல்வெட்டு’ என்று படம் வந்தால் மூன்றைப் பாருங்கள். வெட்டிய எழுத்துக்கு ஒரு விளிம்பில் வெளிச்சமும் எதிர் விளிம்பில் நிழலும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கறுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த நிழல், பாறையின் மற்ற நிழல்கள் விழும் பக்கமே விழுகிறதா என்று பாருங்கள். கறை உள்ள இடத்தில் எழுத்து நெளிகிறதா என்றும் பாருங்கள். மூன்றிலும் தேறினாலும், ஈரத்தாளில் படி எடுத்துப் பார்க்கிற வரை அது வெறும் படம்தான்.