ஈசலும் கறிவேப்பிலையும்

பூச்சி தின்னணும்னா பாங்காக் போகணும்னு நம்மாளுங்க நினைக்கிறாங்க. தள்ளுவண்டியில வறுத்த வெட்டுக்கிளியைப் பார்த்து 'உவ்வே'ங்கிறவங்கதான் இறாலை ஒரு கட்டு கட்டுறாங்க. தூத்துக்குடிக்காரன் சொல்றேன், இறாலும் பூச்சியும் ஒரே கணுக்காலி வகையறாதான் மக்கா :)

நம்ம ஊர் கதைக்கு வருவோம். கொயனிக், லின்னேயஸின் மாணவர். 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்த டாக்டர். கரையான் பத்தி 1779-ல் வெளியான அவரோட கட்டுரையில ஈசல் பிடிக்கிற முறையும் இருக்கு. புத்துல ரெண்டு ஓட்டை போடணும். காத்து வர்ற பக்கம் நாத்தமடிக்கிற புகை. எதிர்ப்பக்கம் கறிவேப்பிலை தேய்ச்ச பானை. ஈசல் மொத்தமும் பானைக்குள்ள வந்துடும், சில சமயம் நல்ல பாம்பும் சேர்ந்து! அதை மாவோட கலந்து பலகாரம் செஞ்சு ஏழைகளுக்கு மலிவா வித்திருக்காங்க. அளவு மீறித் தின்னா வயித்துக்கடுப்பு வந்து உயிரே போகும்னும் எழுதியிருக்கார்.

கறிவேப்பிலையோட தாவரவியல் பெயர்ல இன்னிக்கும் 'கொயனிகி'ன்னு அவர் பெயர் ஒட்டிக்கிட்டிருக்கு. பாம்புக்குப் பயந்துக்கிட்டே பானை வச்சவங்க பெயர் எந்தச் செடியிலயும் இல்லை.

மழை விட்டதும் ஈசலை வறுத்து, பொரி, பொட்டுக்கடலையோட தின்ன தலைமுறை நம்ம வீட்டுலயே இருக்கலாம். ஆச்சிகிட்ட கேட்டுப் பாருங்க. ஏழைங்க சாப்பாடுன்னு வெக்கப்பட்டுச் சொல்லாம விட்டிருப்பாங்க.