டெஜோ ஜார்மதியும் மெல்பர்ன் ஆட்டமும்: ஒரு புகழின் மறுமதிப்பீடு

1956 டிசம்பர் 6 அன்று மெல்பர்ன் ஒலிம்பிக் வாட்டர் போலோவில் ஹங்கேரி சோவியத் அணியை 4–0 என வென்றது. சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் எழுச்சியை நசுக்கி ஒரு மாதமே ஆகியிருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் சோவியத் வீரர் வலந்தீன் புரோகோபோவ் விட்ட அடியில் ஹங்கேரி வீரர் எர்வின் சாதோரின் கண்ணோரம் கிழிந்து ரத்தம் வழிந்தது. ஹங்கேரி அணியின் தலைவர் டெஜோ ஜார்மதி. அவரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை இந்த ஆட்டத்தைத் தாண்டிச் செல்வதில்லை. இப்பெரும் ஆட்டக்காரரின் புகழை ஒரே நாளுக்குள் அடைத்தது அவருக்கு இழைத்த அநீதி என்பதே என் வாதம்.

அந்த ஆட்டத்தை இறுதியாட்டமாக நினைவில் வைத்திருப்போர் பலர். தங்கத்தை உறுதிசெய்ததோ, மறுநாள் யூகோஸ்லாவியாவை 2–1 என வென்ற ஆட்டம். காயம்பட்ட சாதோர் அதில் இல்லை. வல்லரசை எதிர்த்த சிறுநாட்டின் கதைக்கு முதல் ஆட்டமே பொருந்தியதால் மற்றது மங்கிப்போயிற்று.

1948இல் வெள்ளி, 1952லும் 1956லும் தங்கம், 1960இல் வெண்கலம், 1964இல் மீண்டும் தங்கம்: ஐந்து ஒலிம்பிக், ஐந்து பதக்கம். இந்த நீடிப்பை அரசியலால் விளக்க முடியாது. ஆட்டத்துக்குள்தான் தேட வேண்டும். வாட்டர் போலோவில் களவீரர் பந்தை ஒரு கையால் மட்டுமே கையாளலாம். ஆகவே தடுப்பவர் முதலில் கவனிப்பது எதிராளியின் எறியும் கையை. அந்தத் தோளை நெருக்கிவிட்டால் பாதி ஆபத்து நீங்கும். கோல் காப்பாளரும் அந்தக் கையைப் பார்த்தே கோணத்தை அடைப்பார். வலக்கையருக்கு இடப்பக்கமும் இடக்கையருக்கு வலப்பக்கமும் வாய்ப்பாக இருப்பதும் இதனால்தான். ஜார்மதி இரு கையாலும் சமமாக எறிபவர். வலத்தோளை நெருக்கினால் பந்து இடக்கைக்கு மாறும். எந்தப் பக்கம் நிறுத்தினாலும் அவருக்குக் கோணம் விரிந்தே இருக்கும். வேகம் தேயும் வயதிலும் இத்திறன் தேயாது. 1964 டோக்கியோவில் 36 வயதில் அவர் ஆட முடிந்ததற்கு இதுவும் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

எழுச்சியின் நாயகன் என்ற சித்திரத்துக்குள் அவர் வாழ்க்கையே முழுதாக அடங்குவதில்லை. மெல்பர்னுக்குப் பின் அவரும் மனைவி ஏவா செக்கேயும் அமெரிக்கா சென்றனர். செக்கேய் 1952 ஹெல்சிங்கியில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் தங்கம் வென்றவர். ஆனால் இருவரும் தாயகம் திரும்பினர். அடுத்த இரு பதக்கங்களும் அந்தத் திரும்புதலுக்குப் பின் வந்தவை. புலம்பெயர்ந்தோர் வழியாகப் பரவிய வீரக்கதையில் இதற்கு இடம் கிடைக்காதது வியப்பன்று.

மெல்பர்ன் அவரை உலகறியச் செய்தது என்பதை நான் மறுக்கவில்லை. அது அவரை உருவாக்கவில்லை. அதற்கு முன்பே அவரிடம் ஒரு தங்கமும் ஒரு வெள்ளியும் இருந்தன. பயிற்சியாளராக அவர் செய்ததும் இதையே காட்டுகிறது. 1972இல் வெள்ளி, 1976 மொன்றியாலில் தங்கம், 1980இல் வெண்கலம் என மூன்று ஒலிம்பிக்கிலும் ஹங்கேரி அவருடைய பயிற்சியில் பதக்கம் பெற்றது. 1956 அணியில் இல்லாத ஒரு தலைமுறை வென்றவை அவை.